மூன்றாவதாக வந்துகொண்டிருந்தபோது

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில் நானும் ஓடியவன் என்று சொன்னால், இன்றைக்கு ஆட்கள் முதலில் என் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். அப்போது வயிறு கிடையாது. அந்த இடத்தில் பசி இருந்தது.

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தபால்காரன். தோட்டத்துச் சைக்கிளில் தினமும் டவுனுக்குப் போய்த் துரையின் கடிதங்களைக் கொண்டுவருவேன். வருகிற திங்கட்கிழமை முதல் தபாலை லொறியே கொண்டுவரும், நான் பழையபடி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. டவுனில் பாண் சுட்டு விற்கும் ரொட்டிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, சொந்தச் சைக்கிள் இருந்தால் தோட்டங்களுக்குப் பாண் கொண்டுபோகும் வேலை தருவதாகச் சொன்னார். தோட்டத்துச் சைக்கிளை எனக்கே தரச்சொல்லித் துரையிடம் போய் நின்றேன். அவருக்குப் பந்தயம் என்றால் உயிர்.

"ஞாயித்துக்கிழமை ரேஸ் ஓடு. மூணு ஆள் உள்ளே வா, சைக்கிள் நீ எடு. வராட்டி மரத்துக்குப் போ."

ஞாயிறு காலை என் மச்சான் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மட்கார்ட், மணி, பின்னால இருக்கிற இரும்பு எல்லாத்தையும் கழட்டுங்க மச்சான். பாரம் கொறையும்."

"தொரை சாமான்யா. உத்தரவு இல்லாம கழட்டுறதா?"

"அப்ப தபால் பையையும் மாட்டிக்குங்க. போற வழியில ரெண்டு கடுதாசி குடுத்துட்டு வரலாம்."

எஹலியகொடை தாண்டுவதற்குள்ளேயே எனக்கு மூச்சு முட்டியது. மேட்டில் நான் சைக்கிளை மிதித்தேனா, சைக்கிள் என்னை மிதித்ததா என்று சொல்வது கஷ்டம். இரத்தினபுரியில் கையில் மை முத்திரை குத்தித் திருப்பிவிட்டபோது நான் ஒன்பதாவது ஆள். அதன்பிறகு நான் யாரையும் முந்தவில்லை, மற்றவர்கள்தான் குறைந்தார்கள். இரண்டு பேருக்கு டயர் வெடித்தது. ஒருவர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இளநீர் குடிக்க உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒருவர் பலா மரத்தடியில் நிம்மதியாகத் தூங்கினார். அவரைப் பார்த்த பொறாமையில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இப்படியாக, தகுதி ஏதுமின்றி, மூன்றாவது ஆளானேன்.

அவிசாவளைக்கு இன்னும் இரண்டு மைல். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. எங்கள் துரையின் கார்.

எங்கள் தோட்டத்தில் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கவேண்டும். தலைத்துணியை எடுத்துவிட்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் நிற்கவேண்டும். கார் போனபிறகுதான் ஏறலாம். இது தோட்டமில்லை, பெரிய ரோட்டு, பந்தயம் என்றெல்லாம் மூளை யோசிப்பதற்கு முன்பே கால் இறங்கிவிட்டது. தலைத்துணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

என்னை உற்சாகப்படுத்தத்தான் துரை வந்திருந்தார். நான் நின்றதைக் கண்டு அவரும் காரை நிறுத்தினார். கார் போகட்டும் என்று நான். நான் போகட்டும் என்று அவர்.

"ஏன் நிக்கிறே? சைக்கிள் கேடா?"

"இல்லீங்க தொரை. தொரை போனதும் ஏறுறேனுங்க."

நான்காவதாக வந்துகொண்டிருந்த சிங்களப் பையன் என்னைப் பார்த்து, "மொகத மல்லி, கெடுணாத?" என்றான். சைக்கிள் உடைந்துவிட்டதா தம்பி என்று கேட்கிறான். நல்ல மனசு. கேட்டுக்கொண்டே முந்திப் போய்விட்டான்.

"ஏறு, மடையா, ஏறு!" என்று துரை கத்தினார்.

உத்தரவு கிடைத்தது, கால்தான் கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே தொடை இரண்டும் கட்டையாகிவிட்டன. மூன்றாம் தடவைதான் ஏறமுடிந்தது.

அவிசாவளையில் துரை நாலு விரலைக் காட்டினார். சொன்ன சொல் சொன்ன சொல்தான். பிறகு மற்றத் துரைமாரிடம் நான் இறங்கி நின்றதைச் செய்து காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நிற்க முடியாததால் உட்கார்ந்து சிரித்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி எனக்கு மேல்மலை மரங்களைக் கொடுத்தார்.

"மேடு ஏறிப் பழக்கம்தானேப்பா?"

"ஆமாங்க," என்று வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டேன். அன்று ஒவ்வொரு மரத்தையும் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மரத்துக்குப் போனேன்.