மாடித் திருப்பத்து பெஞ்சு

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு மர பெஞ்சு மட்டும் கிடந்தது. நான்காம் மாடித் தையற்காரம்மா தினமும் முழங்கால் வலியோடு கடைக்கு இறங்குவார். ஏறி வரும்போது அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அந்தம்மாவைக் கண்டால் நாலு பேர் கூடிவிடுவார்கள். வம்பு, கைவைத்தியம், சிரிப்பு எல்லாம் நடக்கும்.

மூன்றாம் மாடியில் இருந்த சங்கச் செயலாளருக்கு அது பொறுக்கவில்லை. "மாடிப்படியா, சந்தைக்கடையா இது?" என்று முணுமுணுத்தபடி, ஆளில்லாத நேரம் பார்த்து பெஞ்சை அப்புறப்படுத்தினார். அதன்பிறகு தையற்காரம்மாவின் தலையே வெளியில் தெரியவில்லை. கட்டடத்தை அமைதியாக்கிவிட்டதாகச் செயலாளர் தனக்குள் மார்தட்டிக்கொண்டார்.

பிறகு அவருக்கே மாரடைப்பு வந்தது. பிழைத்தவரை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். முதல் நாள் நடந்துவிட்டு ஏறும்போதே அந்தத் திருப்பத்தில் கண் இருட்டியது. மருந்து வாங்கிவந்த தையற்காரம்மாதான் தாங்கிப் பிடித்தார்.

"படியிலயே உக்காருங்கண்ணே. பெஞ்சு போனதுலேருந்து நானும் வீட்டோடதான் கெடக்கறேன். காலு மரக்கட்டையாயிடுச்சு, பிரஷரும் ஏறிடுச்சு. எந்த மகராசன் தூக்கினானோ."

அவர் தலை நிமிரவில்லை. "வீட்டுக்கு நானே போயிக்கறேம்மா" என்று எவ்வளவோ சொல்லியும் அந்தம்மா விடாமல் கைத்தாங்கலாக அவர் வீட்டுக்குள் அழைத்துவந்து உட்கார வைத்தார்.

பால்கனிக் கதவு திறந்திருந்தது. அங்கே, வரிசையாகப் பூந்தொட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றது அந்த பெஞ்சு. செயலாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தம்மா சற்று நேரம் அதையே பார்த்தார்.

"செடியெல்லாம் நல்லா வந்திருக்குண்ணே" என்றார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நின்று நின்று மேலே ஏறினார்.