எலுபேயும் ஒரு பொய்க்கோடும்

ஜோஹன்னஸ்பர்க் பேருந்து எங்கள் மங்கோச்சிச் சந்தை நிறுத்தத்துக்குள் திரும்பியதும் எலுபே அடுப்பை மறந்துவிடுவாள். விற்பதற்காக எண்ணெய்ச் சட்டியில் போட்ட மந்தாசி மாவுருண்டைகள் கருகும். இறங்குகிறவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை, கால்களைத்தான் பார்ப்பாள். அங்கே வேலைக்குப் போன அவள் கணவர் லாய்சனுக்கு நடக்கும்போது இடது கால் சற்று வெளியே சாயும். கடைசி ஆளும் இறங்கிப் போனபின், கருகியவற்றைப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "எனக்கு இந்தப் பக்குவம்தான் பிடிக்கும்" என்பாள்.

சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். பேச்சு வந்தால் பொத்த மாட்டாள். ஜோனியிலிருந்து, ஜோஹன்னஸ்பர்க்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், லாய்சன் போன் செய்யும்போது சந்தை முழுக்கக் கேட்கும். "அங்க குளிரா? இங்க உங்க போர்வை சும்மாதான் கிடக்கு." ஒவ்வொரு தடவையும் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவதாக அவர் சொல்வார். தன் அம்மாவின் சாவுக்கும் வரவில்லை.

எங்கள் மருத்துவ நிலையத்தில் அப்போது எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்குமா என்று ஒரு ஜெல்லைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே செவிலி. பெண்கள் அதைத் தினமும் பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வரும்போதெல்லாம் உள்ளிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்த ஈரத்தை ஒரு சோதனைப் பட்டையில் விடுவோம். ஒரு கோடு என்றால் ஒன்றுமில்லை. இரண்டு என்றால் அண்மையில் விந்து பட்டிருக்கிறது. உறவு பற்றிப் பெண்கள் வாயால் சொல்வது மட்டும் ஆய்வுக்காரர்களுக்குப் போதவில்லை.

ஆய்வில் சேர்ந்திருந்த எலுபேக்கு இரண்டு கோடு வந்தது.

"உண்மையைச் சொல்லும்மா, யாரும் திட்ட மாட்டோம்" என்றார் ஆலோசகர்.

எலுபே பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "யாரு வந்தா? என்னை எழுப்பாமலே போயிட்டாரா?" என்று சொல்லி வாயைப் பொத்திச் சிரித்தாள். ஆலோசகர் எழுந்து போனதும் என் பக்கம் குனிந்து, "இது பொய்யில்லாம, அவரு வந்துட்டுப் போன அடையாளமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும், சிஸ்டர்" என்றாள்.

அறைக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தன் முறைக்குக் காத்திருந்தவள் டோரிக்கா, லாய்சனின் தங்கை. பொழுது சாய்வதற்குள் சேதி ஜோனிக்குப் போய்விட்டது. அன்றிரவே லாய்சன் போனில் கத்தினார். மறுநாள் சந்தையில் மந்தாசி வாங்க வந்தவர்களும் விடவில்லை.

"யாருடி அந்த மகராசன்?"

"தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கடி."

அந்த வாரமே லாய்சன் வந்து நின்றார். வாசலில் பையை வீசிவிட்டுக் கத்தினார். "கூரைத் தகரம் என் காசு! கழட்டிக்கிட்டுப் போறேன்!"

எலுபே கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். "முதல்ல சாப்பிடுங்க. பசியோட ஏணியில ஏறினா தலை சுத்தும்."

கோபம் குறையாமலே உட்கார்ந்து, ந்சிமாக் களியைப் பொடிமீன் குழம்பில் தோய்த்துத் தின்றார்.

இதற்குள் ஆய்வகத்தில் சந்தேகம் கிளம்பியிருந்தது. ஆண் துணையே இல்லாத வேறு இரண்டு பெண்களுக்கும் அதே மங்கலான கோடு. யார் உடம்பிலும் படாத ஜெல்லை எடுத்துப் பட்டையில் விட்டுப் பார்த்தார்கள். அதற்கும் கோடு எழுந்தது. பட்டையை ஏமாற்றியது ஜெல்தான். எலுமிச்சைச் சாறோ மூலிகைப் பொடியோ போட்டு உள்ளே கழுவிக்கொள்கிறவர்களுக்கு, உண்மையில் விந்து இருந்தாலும் கோடு தெரியாமல் போகலாம் என்றார்கள்.

இதைச் சொல்ல நான் அவள் வீட்டுக்கு ஓடினேன். எலுபே என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இப்பவே அவர்கிட்ட சொல்லணுமா, சிஸ்டர்?"

"உன் பேரைக் காப்பாத்தத்தானே மூச்சிரைக்க ஓடி வந்தேன்!"

"பேரு நாளைக்கும் இருக்கும். அவரு இருப்பாரா? கோவம் தீர்ந்துட்டா வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடிச்சிடுவாரு."

ஆனாலும் இருவரையும் அடுத்த நாள் வரவழைத்தேன். லாய்சன் கண்முன்னே ஜெல்லைக் கரைத்து, புதுப் பட்டையில் சொட்டுவிட்டேன். இரண்டாவது கோடு மெல்ல எழுந்தது.

"இதுல மனுஷனே இல்லையே" என்றார்.

"இல்லை. அன்னைக்கும் இல்லை."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "நான் போன்ல அவ்வளவு கத்தினேன். நீ ஏன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"



வியாழக்கிழமை அவர்கள் வீட்டு வழியாகப் போனேன். லாய்சன் மரத்தடியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். "லீவு கேக்காம வந்துட்டேன் எலுபே, வேலை போயிடும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் முகம் கழுவப் போனதும் எலுபே பையைத் திறந்தாள். துவைத்து மடித்திருந்த சட்டைகளையும் காற்சட்டைகளையும் ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போய் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். ஒரு சட்டையின் கை மட்டும் மேலே மிதந்தது. அதை உள்ளங்கையால் அழுத்தி, மூழ்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.