வேம்பாருக்கு வடக்கே ஒரு சமாதானப் பூசை

சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை இது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, வேம்பாருக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரை ஊருக்குக் கிளம்பினேன். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெசிந்தாவின் ஊர். நாலு மாதத்துக்கு முன், வலை மேல் வலை போட்ட தகராறில், அவள் கணவரை இருதயராஜ் என்பவர் துடுப்பால் அடித்துவிட்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

நான் நாசரேத்தில் வேதபாடம் படித்து வளர்ந்தவள் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? "மன்னிச்சிரு ஜெசி, கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்று போனில் சொன்னேன். அதன்பிறகு அவள் பேசவே இல்லை. இப்போதுதான் அழைத்தாள். "ஞாயித்துக்கிழம பூசைக்கு வாளா. பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும்."

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மூன்று மணி நேரம். விளாத்திகுளம் வழி சுருக்கம். வண்டி மாறச் சோம்பல்பட்டுச் சுற்றிப் போனேன். 11.20க்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து. வேம்பார் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஐம்பத்தைந்து ரூபாய். வழியெல்லாம் உப்பளம், கண் கூசும். வேம்பாரிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்தேன். ஓட்டுநர் ஊருக்கு வெளியே, சிலுவை நிற்கும் குருசடியிலேயே நிறுத்திவிட்டார்.

"இங்கனயே எறங்கிக்கிடுங்கக்கா. உள்ள வந்தா வடக்குத் தெருவா தெக்குத் தெருவான்னு கேப்பானுவ."

ஜெசிந்தா வடக்குத் தெரு, இருதயராஜ் தெற்குத் தெரு. சாவுக்குப் பிறகு இரண்டு தெருக்காரர்களும் ஒருவருக்கொருவர் பயந்து கடலுக்குப் போகாமல் கிடந்தார்கள். பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் இடத்தையே பங்குச் சாமியார் விட்டுவிட்டாராம். ஒருமுறை சொல்லப்போய்ப் பாதிக் கோயில் எழுந்து வெளியே போயிருக்கிறது.

இப்போது ஊர்க் கமிட்டி ஒரு முடிவு எடுத்திருந்தது. ஞாயிறு பூசையில் ஜெசிந்தாவும், ஜாமீனில் வந்திருக்கும் இருதயராஜும் எல்லார் முன்னும் கைகூப்ப வேண்டும். மறுநாள் அவள் மகன் மைக்கேல் இருதயராஜின் வள்ளத்தில் தொழிலுக்குப் போக வேண்டும், அவர் மகன் இவள் வள்ளத்தில். ஏறி வருகிறவனுக்கு வள்ளக்கார வீட்டார்தான் சோறு கொடுத்துவிட வேண்டும். ஆளைப் பணயம் வைப்பது போலத்தான் எனக்குப் பட்டது.

"அந்த ஆளு வள்ளத்துல ஒம்மவன ஏத்துவியா?" என்று அன்று ராத்திரி அவள் வீட்டில் கேட்டேன்.

"ஏத்தலன்னா அவன் கத்திய எடுத்துருவாம்ளா. இருவத்திரெண்டு வயசு. அப்பன நெனச்சிப் பல்லக் கடிச்சிக்கிட்டே திரியுதான். புருசனும் போயி, புள்ளயும் கொலகாரனா செயிலுக்குப் போவணுமா?"

மறுநாள் கோயிலில் வடக்குத் தெரு ஒரு பக்கம், தெற்குத் தெரு ஒரு பக்கம். கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்பு வரி வந்ததும் ஜெசிந்தாவின் வாய் மூடிக்கொண்டது. என் வாய் தாராளமாகச் சொல்லிக்கொண்டு போனது. எனக்கே வெட்கமாக இருந்தது.

சாமியார் சமாதானம் சொல்லச் சொன்னார். யாரும் அசையவில்லை. பிறகு இருதயராஜ் நடுப்பாதையைக் கடந்து வந்து கைகூப்பினார். ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. என் முழங்கையைப் பிடித்திருந்த கையை எடுத்து, மற்றக் கையோடு சேர்த்தாள். யாரும் அழவில்லை, கட்டித் தழுவவும் இல்லை. அவர் திரும்பிப் போய் நின்றுகொண்டார்.

திங்கள் காலை ஐந்தரைக்கு வள்ளங்கள் கிளம்பின. ஜெசிந்தா இருதயராஜின் மகனிடம் சோற்றுத் தூக்கை முகம் பாராமல் நீட்டினாள். அதன்பின் பதினோரு மணி வரை கரையில்தான் உட்கார்ந்திருந்தோம். இரண்டு வள்ளமும் திரும்பின. மைக்கேல் இறங்கி வலையை உதறினான்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஊரில் தங்க இடம் கிடையாது, தூத்துக்குடியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். கரையில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேம்பாரிலிருந்து திரும்ப நான் பிடித்தது பிற்பகல் 1.10 வண்டி. சாவு விழுந்த வீட்டில் மன்னிப்பைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன், அதற்கான பதில் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது.

"காலையில அந்தப் பயலுக்குக் கொழம்பு கொதிக்கும்போது எலி மருந்த எடுத்துட்டேம்ளா," என்றாள், வழியனுப்ப வந்த ஜெசிந்தா. "மூடியத் தொறக்கல. எனக்கு வந்த மன்னிப்பு அம்புட்டுதான்."