மருந்தில் முக்காத கிடாய்

ஆடுகளை மருந்தில் முக்கிய அன்று அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், பக்கத்து மந்தைக்காரரான மாமா இருந்தார், கால்நடை மருந்தகத்திலிருந்து சைக்கிளில் வந்த இன்ஸ்பெக்டர் இருந்தார், கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு நானும் இருந்தேன். அண்ணன் இல்லை. பம்பாய் போய் விமானம் ஏறி அவன் வளைகுடாவுக்குப் போய் இரண்டாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அன்று அதிகம் பேசப்பட்டவன் அவன்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். தூத்துக்குடியில் பி.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருஷம். அண்ணன் மூன்றாம் வகுப்போடு ஆட்டுக்குப் பின்னால் போனவன். அவன் அனுப்பிய பணம் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கே போனதால், என் கல்லூரிச் சம்பளம் கட்ட அந்த வருஷம் பிறக்கப்போகும் குட்டிகளைத்தான் நம்பியிருந்தோம். மாப்பிள்ளையூரணிக்கு வடக்கே உப்பளங்களைத் தாண்டி முள் நிறைந்த உடை மரக் காட்டில் எங்கள் ஆட்டுப்பட்டி. முப்பது பெட்டையாடு. பெரும்பாலானவை சினை. அந்த நேரம் பார்த்துச் சொறி வந்தது. ஆடுகள் மரத்தில் உடம்பைத் தேய்த்தன, விலாவைக் கடித்தன. முதுகைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடி உதட்டை மென்றன. முடி கொட்டிய இடத்தில் பொருக்குத் தட்டியது.

ஹார்பரில் ஏலம் எடுத்த எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் வெட்டித் தொட்டியாக்கியிருந்தோம். தாகத்தில் மருந்தைக் குடித்துவிடாமல் இருக்க ஆடுகளுக்கு முதலிலேயே வயிறு நிறையத் தண்ணீர் காட்டினோம். ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இறக்கி, உடம்பை நன்றாக ஊறவைத்து, தலையை மட்டும் சட்டென்று முக்கி எடுத்தோம். சினையாடுகளை வயிற்றில் கை கொடுத்துத் தூக்கினோம். முட்டைக்குள் இருக்கும் பூச்சி சாகாது என்பதால் கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தரமும் முக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

கடைசியில் கிடாய் மட்டும் நின்றது.

அது அண்ணன் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, அவன் நல்லபடியாகத் திரும்பவேண்டும் என்று அம்மா சுடலைக்கு நேர்ந்துவிட்டது. நேர்ந்த கிடாயை அடிக்கக்கூடாது, கட்டக்கூடாது, காதில் அடையாளம் வெட்டக்கூடாது. பெட்டைகளோடு சேர விடும் பொலிகிடாயும் மந்தைக்கு அதுதான். காலையில் எனக்குக் கஞ்சி ஊற்றுவதற்கு முன் அதற்குக் கடலைப் புண்ணாக்கு வைப்பாள் அம்மா. தின்னும்போது கழுத்தைத் தடவிக்கொண்டே, பெரியவன் அங்கே சாப்பிட்டானோ என்னவோ என்று அதனிடம் கேட்பாள். எனக்காக அவள் ஒரு கோழியைக்கூட நேர்ந்ததில்லை. கேட்டதற்கு, “பஸ்ஸுல போயிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வார பயலுக்கு என்னத்துக்குல நேத்தி?” என்றாள்.

“ஒண்ண விட்டாலும் எல்லாத்துக்கும் திரும்ப வரும் அண்ணாச்சி” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அது சாமி கிடா சார். மருந்து பட்டா எம்புள்ளைக்கு அங்கன என்னமும் ஆயிரும்” என்றாள் அம்மா.

நான் முன்னால் வந்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி தோலில் எப்படி வாழ்கிறது, ஒரு கிடாய் ஒரு மந்தைக்கே அதை எப்படிப் பரப்பும் என்று பாடத்தில் படித்ததையெல்லாம் சொன்னேன். அதன் ஆங்கிலப் பெயரையும் சொன்னேன்.

“ஏ மருமவனே, பேர இங்கிலீசுல சொன்னா அது பயந்து எறங்கி ஓடிருமோ?” என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. “நீ பூச்சிக்காகப் பேசலலே. உங்கண்ணன் பேருல நிக்கிற கிடாங்கவும் உனக்குப் பொறுக்கல” என்றார்.

நான் சொன்னது சரி. அவர் சொன்னதும் சரி. அந்தக் கிடாயைக் கொம்பைப் பிடித்து மருந்துக்குள் அழுத்த எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது என் கைகளுக்குத் தெரியும். பூச்சியைப் பற்றிய உண்மை, பொறாமைக்காரன் வாயிலிருந்து வந்ததால் அங்கே எடுபடாமல் போயிற்று.

திருநீறு பூசிக் கிடாயை மந்தையோடு விட்டார்கள். இரண்டாம் தரம் முக்கியபோதும் அது தப்பித்தது. மழைக்கு முன்பே ஆடுகள் மறுபடி மரத்தில் உரசத் தொடங்கின. எருவுக்காக ராத்திரி வயலில் ஆடுகளைக் கிடை போடக் கூலி பேசப் போனால், “சொறி மந்தையா, வேண்டாம் அண்ணாச்சி” என்றார்கள். நாலு ஆடுகள் மாசம் நிறையாமல் குட்டி போட்டன, ஒன்றும் பிழைக்கவில்லை; மற்றக் குட்டிகளை வாங்கவும் ஆள் வரவில்லை. இரண்டு பெட்டைகள் மெலிந்து மெலிந்து செத்தன. கிடாயின் கழுத்திலும் பொருக்கு வந்தபோது அம்மா அதைக் கண்ணேறு என்றாள். உப்பு, மிளகாயோடு காலடி மண்ணும் சேர்த்துச் சுற்றிப் போடுவது வழக்கம். யார் கண் பட்டதோ அவர்கள் காலடி மண். கையில் முறத்தோடு வந்த அம்மா, நான் கல்லூரிக்குக் கிளம்பி நாலடி வைத்ததும் பின்னாலேயே குனிந்து மண்ணை அள்ளினாள். நான் திரும்பிப் பார்த்தது தெரிந்தும் அவள் நிமிரவில்லை.

தை மாதம் அண்ணன் லீவில் வந்தான். டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில், கறுப்புக் கண்ணாடி. எனக்கும் ஒரு வாட்ச். அதைக் கட்டிக்கொள்ள மனமில்லை, கழற்றி வைக்கவும் மனமில்லை. மறுநாள் பட்டிக்கு வந்தவன் கிடாயைப் பார்த்து நின்றான்.

“என்னம்மா இது, இந்தச் சொறி சொறியுது? முக்கலியா?”

“சாமிக்கு விட்டதுல்லா ஐயா.”

“சாமிக்குச் சொறிக் கிடாயவா குடுப்பிய? முக்குங்க.”

“அதுவும் நெசந்தான் ஐயா” என்றாள் அம்மா. அவ்வளவுதான். அப்பா தொட்டியை இழுத்து வரக் கிளம்பிக்கொண்டே மாமாவிடம், “பாத்தீரா மச்சான், நாலு ஊரு பாத்தவன் பேச்சு” என்றார்.

மருந்து கரைக்க எனக்குத்தான் வேலை வந்தது. கிடாயின் பின்னங்காலை அண்ணன் பிடித்தான், கொம்பை நான் பிடித்தேன். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட காரியம். கையில் ஒரு ருசியும் இல்லை. தலையை முக்கி எடுக்கும்போது அவன் என்னைப் பார்த்து, “ஏலே, நீ படிச்சவன்தான? இவங்கள்ட்ட எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்றான். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டான். நான் கிடாயின் காதில் வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை ஒன்றுகூட மிச்சமில்லாமல் இரண்டு தரம் முக்கினோம். பட்டிக் கம்புகளிலும் மருந்து தெளித்தோம். மந்தை தேறியது. கிடாயும் தேறியது, ஆனால் கழுத்தில் முடி முளைக்காத திட்டைப் பார்த்த பூசாரி, குறை உள்ளது ஆகாது, வேறு கொண்டு வா என்றுவிட்டார். எட்டயபுரம் சந்தைக்குப் போய் அண்ணன் புதுக் கிடாய் பிடித்து வந்தான். செத்த ஆடுகள், இல்லாமல் போன குட்டிகள், கிடைக்கூலி, இரண்டாவது மருந்து, கிடாய் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து இருநூற்று நாற்பது. குட்டி விற்றுக் கட்டியிருக்கவேண்டிய என் கல்லூரிச் சம்பளம் நூற்று எண்பது. அதையும் அண்ணன்தான் கட்டினான், நான் கேட்காமலே. கிடாயை அன்றே முக்காததற்கு ஆக மொத்தம் ஆயிரத்து நானூற்று இருபது ரூபாய்.