குக்கர் டீமின் கோல்கீப்பர்

எங்கள் கால்பந்து கிளப்பின் பெயர் ஜோகுபாளையம் பிரதர்ஸ். அந்தப் பெயரை ரெஃப்ரி ஒருவர்தான் சொல்வார். மற்ற எல்லாருக்கும் நாங்கள் 'குக்கர்'. எங்கள் ஆட்கள் பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோனால், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற முப்பது நாற்பது பேரும் சேர்ந்து 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஆவி விடுவோம். கோல் விழுந்தால் விசில். பழைய குக்கர் மூடி ஒன்றைக் கரண்டியால் தட்டுவதும் உண்டு. வேலியை ஒட்டிய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் தூங்க முடியாது.

நான் ரகுராம். திருப்பத்தூரிலிருந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு வந்தவன். ஆறு வருஷமாக ஒரு ஆட்டம் விடாமல் தொண்டை கிழியக் கத்துகிறேன். இன்னமும் என்னைப் 'புதுசு' என்றுதான் சொல்கிறார்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. அதை வேறொரு நாள் வைத்துக்கொள்கிறேன். இப்போது சொல்ல வந்தது சுந்தரமூர்த்தி அண்ணாவைப் பற்றி.

வயது ஐம்பத்தொன்று. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. இயந்திரத்திலிருந்து வருகிற உருப்படியைக் காலிப்பரில் அளந்து, தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் 'ரிஜெக்ட்' என்று தள்ளிவிடுவது அவர் வேலை. அந்தப் புத்தி வேலையோடு நிற்காது. ஆஃப்சைடு என்றால் எத்தனை அங்குலம் ஆஃப்சைடு என்று சொல்வார். இடைவேளையில் வருகிற டீ போன வாரத்தைவிட ஒரு விரல் குறைச்சல் என்பார். அவரோடு வாதம் செய்து ஜெயித்தவர் மைதானத்தில் கிடையாது.

ஒரு காலத்தில் எங்கள் கிளப்பின் கோல்கீப்பர். முட்டியில் அடிபட்டு இருபத்துநாலு வயதிலேயே நிறுத்திவிட்டார் என்று சொல்வார்கள். அந்த முட்டியோடு அல்சூர் மெட்ரோ படிக்கட்டை அவர் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் புதுசு. எதுவும் கேட்கவில்லை.

அவர் மனைவி தமயந்தி அக்கா மைதானத்துப் பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகாத ஆட்களைக் கூப்பிட்டுச் சோறு போடுகிற நல்ல மனசு. என்ன, அவர்கள் வீட்டில் சாப்பிடப் போனால் பசியோடு போகக்கூடாது. துவரம்பருப்பைச் சட்டியில்தான் வேக வைப்பார். போர்வெல் தண்ணீரில் அது வேக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். "குக்கர் பருப்பு ருசி வராதுப்பா" என்று சொல்லிக் கரண்டியால் கிண்டிக்கொண்டே நிற்பார். சொல்லும்போது அண்ணாவை ஒரு பார்வை பார்ப்பார். அண்ணா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

எங்களுக்குக் 'குக்கர்' என்று எப்படிப் பேர் வந்தது? சாமி சத்தியமாக யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் வாரா வாரம் சண்டை. ஆட்டோ ஓட்டுகிற சண்முகம் ஒரு கட்சி. தொண்ணூறுகளில் ஏதோ டோர்னமென்டில் ஜெயித்தபோது கோப்பைக்குப் பதிலாகப் பிரஷர் குக்கர் கொடுத்தார்கள், பதினோரு பேரும் ஒரு குக்கருக்கு அடித்துக்கொண்டார்கள், அதுதான் காரணம் என்பார். ஸ்கூலில் பி.டி. டீச்சராக இருக்கிற ஜூலியா இன்னொரு கட்சி. "நம்ம டீம் லேட்டாதான் சூடாகும். லாஸ்ட் டென் மினிட்ஸ்லதான் வெடிக்கும். சிம்பிள்!" என்பார். எங்கள் வாட்ஸப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். அதனால் அவர் கட்சிக்குக் கொஞ்சம் பலம் ஜாஸ்தி.

"சும்னே கதை விடாதீங்க மேடம், நான் இங்க ரெண்டாயிரத்தி ஒண்ணுலேர்ந்து இருக்கேன்" என்பார் சண்முகம்.

"அப்போ தொண்ணூறுல நடந்தது உனக்கு எப்டிப்பா தெரியும்?" என்பார் ஜூலியா.

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. டீயின் அளவுக்குக்கூடச் சண்டை போடுகிற மூர்த்தி அண்ணா இந்த ஒரு வாதத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். சண்முகம் சொன்னால் "இருக்கும்பா" என்பார். ஜூலியா சொன்னால் "அதுவும் இருக்கும்" என்பார். பக், அதாவது பிழை, இருக்கிற இடத்தை மோப்பம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

இந்த வருஷம் கிளப்புக்கு ஐம்பது. விழா எடுப்பது, பழைய ஆட்டக்காரர்களுக்குச் சால்வை போடுவது, கிளப் ரூம் சுவரில் 'குக்கர்' பெயர் வந்த கதையைப் பெயின்டில் எழுதுவது என்று கூட்டத்தில் முடிவானது. எந்தக் கதை என்பதை விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தாளியிடம் கேட்டு முடிவு செய்யலாம் என்றார் ஜூலியா. விருந்தாளி யார்? காக்ஸ் டவுனிலிருந்து எங்களை எதிர்த்து ஆடிய பழைய ஃபார்வர்டு டிரேவர். ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டவர், லீவுக்கு வந்திருக்கிறார். "பேரை வெச்சதே அவங்க டீம்தானாம்" என்றார் ஜூலியா.

மூர்த்தி அண்ணாவின் முகம் செத்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் என் தோளைப் பிடித்து, "ரகு, டீ சாப்பிடலாம் வா" என்று ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். டீ வந்தது. அளவைப் பார்க்கவே இல்லை. அப்போதே எனக்குப் பயமாகிவிட்டது.

"அந்த டிரேவர் வாயைத் தெறக்கக் கூடாது ரகு. எப்டியாவது பாத்துக்க."

"ஏண்ணா?"

சொன்னார். தொண்ணூற்றேழு, செமி ஃபைனல், இதே மைதானம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஆறு நிமிஷம். உயரமாக வந்த பந்தை டிரேவரோடு சேர்ந்து எகிறிப் பிடித்துவிட்டார். கீழே இறங்கியதும் விசில் சத்தம். டிரேவர் தன்னை இடித்ததற்கு ரெஃப்ரி ஃபவுல் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, ஃப்ரீ கிக் அடிக்கப் பந்தை நிதானமாகத் தரையில் வைத்தார். காலுறையை இழுத்துவிடக் குனிந்தார். நிமிர்ந்தால் டிரேவர் அடித்த பந்து வலைக்குள் இருந்தது.

"ரெஃப்ரி விசிலே ஊதலை. வேலிக்கு அந்தாண்ட ஒரு வீட்டுல குக்கர் விசில் அடிச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அடுத்த மேட்ச்ல நான் பந்தைத் தொட்டாலே அவங்க ஆளுங்க எல்லாம் ஸ்ஸ்ஸ்ஸ்னு கத்தினாங்க. குக்கர் குக்கர்னு. என்னால முடியலடா. முட்டியில அடின்னு சொல்லி வெளில வந்துட்டேன். அன்னிக்கு இருந்தவங்க பாதிப் பேர் வீட்டை வித்துட்டு ஆனேக்கல், ஹோசூர்னு போயிட்டாங்க. மீதிப் பேருக்கு மறந்துடுச்சு. பேரு மட்டும் நின்னுடுச்சு. நீங்க எல்லாம் சேந்து ஸ்ஸ்ஸ்னு கத்துறப்போ சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா இதைப் போய்ச் சுவத்துல எழுதினா நான் எப்படி அந்தப் பக்கம் போறது?"

இதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று கேட்டேன். "நீ புதுசு. யாருகிட்ட போய்ச் சொல்லப் போற?" என்றார். கோபத்தை டீயோடு சேர்த்து விழுங்கினேன்.

விழா அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மைதானத்தில் ஷாமியானா, நூறு பிளாஸ்டிக் நாற்காலி. டிரேவரை வாசலிலேயே மடக்கிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் வந்ததும் ஜூலியா நேராக மேடைக்குக் கொண்டுபோய்விட்டார். என் திட்டம் அத்தோடு முடிந்தது. முதல் வரிசையில் மூர்த்தி அண்ணா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமயந்தி அக்கா பட்டுப்புடவையில்.

டிரேவரே அண்ணாவுக்குச் சால்வை போட்டார். கட்டிப்பிடித்தார். ஜூலியா மைக்கைக் கொடுத்து, "சார், செட்டில் பண்ணுங்க. எங்களுக்கு ஏன் குக்கர்னு பேர் வெச்சீங்க?" என்று கேட்டார்.

டிரேவர் தலையைச் சொறிந்தார். "மேன், அது ரொம்ப வருஷம் ஆச்சே. உங்க டீம்ல ஒரு டிஃபென்டர் இருந்தான், சுப்ரமணியன். கோவம் வந்தா மூஞ்சி செவந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுவான். அவனைப் பாத்துதான் குக்கர்னு வெச்சோம்னு நெனைக்கிறேன்."

கூட்டம் கைதட்டியது. சண்முகம் மூடியைத் தட்டினார். நான் அவசரமாக, "தொண்ணூத்தேழு செமி ஃபைனல்லயும் ஆடினீங்களா சார்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு பக்கை மூடுவதற்கு முன்னால் இன்னொரு தரம் சரிபார்க்கிற பழக்கம்தான் போல.

"ஆடியிருப்பேன். கோல்கூடப் போட்டேன்னு நெனைக்கிறேன். அந்த சீசன்ல எத்தனையோ கோல், எதுன்னு ஞாபகம் வெச்சுக்கிறது?"

மறந்தே போய்விட்டது அவருக்கு! இருபத்தேழு வருஷமாக மூர்த்தி அண்ணா யாருடைய வாய்க்குப் பயந்தாரோ, அந்த வாயில் ஒன்றுமே இல்லை. நிம்மதியாக மூச்சுவிட்டு அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் நிம்மதியைக் காணோம். காது சிவந்திருந்தது.

"ஓகே, ஃபைனல்! சுப்ரமணியன் பேரைச் சுவத்துல எழுதிடலாம். நாளைக்கு பெயின்டர் வரார்" என்றார் ஜூலியா.

"ரிஜெக்ட்!"

அத்தனை தலையும் திரும்பியது. மூர்த்தி அண்ணா எழுந்து நின்றிருந்தார். சால்வை ஒரு தோளில் தொங்கியது.

"யாரு, சுப்ரமணியனா? அவன் பந்தை யாருக்காவது பாஸ் பண்ணதுண்டா? அவன் பேரையா எழுதப்போறீங்க? அந்தப் பேரு என்னால வந்தது!"

மேடை ஏறி மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொன்னார். பந்தை வைத்தது, குனிந்தது, முட்டியில் அடியே படாதது வரைக்கும். "பதினாலு வயசுலேர்ந்து அந்த கோல்போஸ்ட்ல நின்னவன் நான். ஒரு விசிலுக்காக விட்டுட்டு வந்தேன். விட்டிருக்கக் கூடாது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சொல்வதற்கென்ன வெட்கம்.

டிரேவர்தான் முதலில் வாய் திறந்தார். "மேன், எனக்கும் விசில் கேட்டிருக்கும். நான் எப்பவும் ரெஃப்ரி சொன்னதைக் கேக்க மாட்டேன், அதான் அடிச்சிருப்பேன்" என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சண்முகம் மூடியைத் தலைக்குமேல் தூக்கி, "அப்போ எங்க எல்லாருக்கும் பேர் வெச்சது நீங்களாண்ணா!" என்று கத்தினார். நூறு பேரும் சேர்ந்து ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஆரம்பித்தார்கள். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார். அது அவரைக் கேலி செய்கிற சத்தம் இல்லை என்று அவருக்கே புரிய அவ்வளவு நேரம் பிடித்தது.

"ஆனா அது யார் வீட்டு குக்கர்?" என்றார் ஜூலியா.

அண்ணா முதல் வரிசையைப் பார்த்தார். தமயந்தி அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எங்க வீட்டுதுதான். துவரம்பருப்பு. மூணு விசில் விட்டு எறக்கச் சொல்லிட்டு அம்மா கடைக்குப் போயிட்டாங்க. நான் ஜன்னல்ல நின்னு மேட்ச் பாத்துட்டு இருந்தேன். மறுநாள் இவர் சண்டைக்கு வந்தாரு. அம்மா உக்கார வெச்சு சாப்பாடு போட்டுட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் சண்டைக்கு வந்தாரு. மூணு மாசம் விடாம வந்து சண்டை போட்டாரு."

விசில் பறந்தது. அக்கா கையைக் காட்டி அடக்கினார்.

"இருங்க, முடிக்கலை. கல்யாணத்துக்கு அம்மா சீர்ல குக்கர் வெச்சாங்க. அதை மட்டும் திருப்பி அனுப்பிட்டாரு. அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தாங்காது தமயந்தின்னாரு. வேற யாருக்கும் தெரிய வேணாம்னாரு. சரின்னுட்டேன். இருபத்தஞ்சு வருஷம் சட்டியில பருப்பு வேக வெச்சேன்." அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, இப்போ ஊருக்கே சொல்லியாச்சு இல்ல? இனிமேலாவது எனக்கு ஒரு குக்கர் வாங்கிக் குடுங்க."

அண்ணா மேடையிலிருந்து இறங்கி, தன் சால்வையை எடுத்து அக்காவின் தோளில் போட்டார். டிரேவருக்குப் போட்ட சால்வையைவிட அது அரையடி நீளம் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை பெயின்டர் வந்தார். கதையைச் சுவரில் எழுதும்போது அண்ணா பக்கத்திலேயே நின்று, "எண்பத்திரெண்டாவது நிமிஷம் இல்ல, எண்பத்திநாலு" என்று திருத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. இந்தத் தடவை பசியோடு போனேன். அடுப்பில் புதுக் குக்கர். அக்கா ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முதல் விசில் அடித்தபோது அண்ணா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டாவதற்குப் பேப்பரை மடித்து வைத்தார். மூன்றாவது அடித்ததும் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

"மூணாச்சா?" என்றார் அக்கா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆச்சு. நீ உக்காரு" என்றார் அண்ணா.