நாளைய வரியை எழுதாதவள்

கண்ணாடி பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறாள். அதற்குப் பின்னால் பழைய செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கத்தை வைத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். "எழுபத்தெட்டு. நல்லா வாழ்ந்திருக்காரு மனுஷன்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் 'தெளிவு' என்று எழுதுகிறாள். செத்தவரின் வயதைத் தண்ணீர் வழியாகப் படிக்க முடிந்தால், அன்றைக்கு அணைக்கு ஆயுள் கெட்டி.

அணையின் கசிவை அளப்பதுதான் அவள் வேலை. எந்த மண் அணையும் கொஞ்சம் கசியும், அதில் தப்பில்லை. அடிவாரத்தில் ஒரு சிமென்ட் வாய்க்கால். அதன் குறுக்கே, நடுவில் முக்கோணமாக வெட்டிய இரும்புத் தகடு. அந்த வெட்டில் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது, தெளிவா கலங்கலா என்று தினமும் காலை ஆறரைக்கு ஒரு வரி எழுத வேண்டும். கலங்கலாக வந்தால், அணை தன் வயிற்று மண்ணைத் தானே கரைத்து அனுப்புகிறது என்று பொருள். அவள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள். "வேர்வைன்னா விட்டுடலாம். பேதின்னா டாக்டரைக் கூப்பிடணும்."

அணை ஊழியர்கள் வைத்த பெயர் பாட்டில் அக்கா. ஐம்பத்திரண்டு வயதானாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அண்ணன் தையல்காரர். கடைக்கு மேலே இருக்கும் வீட்டில்தான் அவளும் இருக்கிறாள். சமையலறை ஜன்னல் விளிம்பில் கடந்த முப்பது நாள் தண்ணீரும் முப்பது பாட்டில்களில், தேதிச் சீட்டு ஒட்டப்பட்டு, வரிசையாக நிற்கும்.

"சர்க்கரை கொட்டி வைக்க இந்த வீட்டுல ஒரு பாட்டில் கிடைக்குமா?" என்பாள் அண்ணி.

"இருக்கு அண்ணி. போன மாசம் பதினாலாம் தேதிய எடுத்துக்கங்க. நல்ல நாளு அது."

அவளிடம் வேறொரு கிறுக்கும் உண்டு. நடக்காத எதையும் எழுத மாட்டாள். கடைக்குப் போகும் முன் சாமான் பட்டியல் கிடையாது. வாங்கி வந்த பிறகு எழுதுவாள். அண்ணன் மகளின் கல்யாண அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதச் சொன்னபோது, "அவங்க வந்துட்டுப் போகட்டும், யார் யாரு வந்தாங்கன்னு அழகா எழுதித் தரேன்" என்றாள். நானூறு உறைகளையும் அண்ணனே எழுதினார்.

இந்தக் கிறுக்கு அப்பா கொடுத்த சொத்து. வேறு சொத்து எதையும் அவர் வைத்துவிட்டுப் போகவில்லை.

இதே இடத்தில் முன்பு இருந்த பழைய அணைக்கு அவர்தான் கசிவுக் காவலர். அழகான கையெழுத்து, அசையாத உடம்பு. பதிவேடு குன்றின் மேலிருந்த அலுவலகத்தில் இருந்தது. தினமும் படியேறினால் மூட்டு தேயும் என்று, திங்கட்கிழமையே சனி வரைக்கும் எழுதி வைத்துவிட்டு, மிச்ச நாட்களில் ஆற்றங்கரைக் கொட்டகையில் சீட்டாடுவார். நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை பகலில் அணை உடைந்தது. அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வாய்க்காலில் தண்ணீர் காப்பி நிறத்தில் வந்ததாம். மாடு மேய்த்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கச் சம்பளம் வாங்கியவர் பார்க்கவில்லை. கீழ்த் தெருக்கள் நான்கும் கால் மணி நேரத்தில் போயின. செத்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இது அப்பாவையும் சேர்த்த கணக்கு. அவரைச் சேர்க்கக் கூடாது என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

வீடு மேட்டுத் தெருவில் இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். பதிவேடும் பிழைத்தது. விசாரணையில் அதைத் திறந்தார்கள். வியாழன், இருபத்திரண்டு மில்லிமீட்டர், தெளிவு. வெள்ளி, இருபத்திரண்டு, தெளிவு. சனி, இருபத்தொன்று, தெளிவு. இல்லாத அணைக்கு, இல்லாத மனிதர் இரண்டு நாள் அளவெடுத்திருந்தார். அதிலும் சனிக்கிழமை ஒரு மில்லிமீட்டர் குறைத்திருக்கிறார், பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று.

புது அணைக்கு ஆள் எடுத்தபோது நேர்காணலில் ஒரு பெரியவர் கேட்டார். "உங்க அப்பா யாருன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரியும் சார். அந்த வேலைய யாரும் இன்னும் செய்யவே இல்லையே."

அண்ணன் அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறார். சட்டைக்குத் தோள் அளவு எடுக்கும்போதுதான் சொல்வார். அப்போதுதான் யாரும் எழுந்து போக முடியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இளம் இன்ஜினியர் சொன்னார். "அக்கா, நாளைக்கு உங்க வீட்டு விசேஷம். நாளை வரியையும் இன்னைக்கே எழுதிட்டுப் போங்க. எவன் வந்து பார்க்கப் போறான்?"

அவள் பதிவேட்டை மூடினாள். "எழுதலாம் சார். ஆனா எங்க அப்பா அளவுக்கு என் கையெழுத்து நல்லா இருக்காது."

மறுநாள் காலை ஆறரைக்கு, அண்ணன் தைத்துக் கொடுத்த புது உடுப்பை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு, ரப்பர் பூட்ஸோடு வாய்க்காலில் நின்றாள். முந்தின நாள் இருபத்து நான்கு. அன்று முப்பத்தொன்று. பாட்டிலை நிரப்பிச் செய்தித்தாளின் முன் பிடித்தாள். எழுபத்து மூன்றா, எழுபத்தெட்டா தெரியவில்லை. கால் மணி நேரம் விட்டு இன்னொரு பாட்டில். மூன்றாவதில் வயது இருக்கட்டும், செத்தவரின் மீசையே தெரியவில்லை.

இன்ஜினியரைக் கூப்பிட்டாள். அவர் கல்யாணத்துக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். "மழை மண்ணா இருக்கும்க்கா."

"மழை பெஞ்சு ஒன்பது நாளாச்சு சார். நீங்களே வந்து பாருங்க. சட்டைய அப்புறம் தேய்ச்சுக்கலாம்."

அடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். கல்யாண மண்டபம் ஆற்றங்கரையில், பழைய கீழ்த் தெரு இருந்த இடத்தில்தான் இருந்தது.

"அண்ணா, மண்டபத்துல ஒருத்தரும் இருக்க வேண்டாம். எல்லாரையும் மேட்டுத் தெரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"பாப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து இறங்கிட்டாங்க."

"வயசு தெரியல அண்ணா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை பாட்டில் பார்த்த?"

"மூணு."

"சரி" என்றார் அண்ணன்.

பிறகு நடந்ததற்கு நானூறு சாட்சிகள். அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று, கல்யாணம் இடம் மாறுகிறது, எழுந்து நடங்கள் என்றார். மாப்பிள்ளையின் மாமா மட்டும் அசையவில்லை. "தண்ணி கலங்கினா வடிகட்டிக் குடிங்க. கல்யாணத்த ஏன்யா வடிகட்டுறீங்க?" இன்ஜினியர் அணைக்கு வந்து, தேய்த்த சட்டையோடு சேற்றில் மண்டியிட்டு, பாட்டிலைப் பார்த்து, எழுந்து மேலதிகாரிக்குப் போன் போட்டார். எட்டரைக்கு அணையின் அபாயச் சங்கு ஊதியது. அதற்குப் பிறகு மேட்டுத் தெருப் படியேறியவர்களில் மாமாதான் முதல் ஆள்.

ஆற்றங்கரைத் தெருக்கள் எல்லாம் மேடேறின. மதகுகளைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கினார்கள். மதியம், வாய்க்காலுக்குப் பின்னால், கை நுழையும் அளவு ஒரு பொந்தைக் கண்டுபிடித்தார்கள். அதை அடைக்க இரண்டு மாதம் ஆனது. அது பெரிதாகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம் என்று அறிக்கை சொல்கிறது. மாமா இரண்டாவது கட்சி.

கல்யாணம் அன்றே, பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. சம்பந்திகள் குழந்தைகள் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பதிவாளர் மேஜையில் பதிவேட்டை விரித்தார். விவரமான ஆள் அவர். இடம், நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். சாட்சிக் கையெழுத்துக்குப் பெண்ணின் அத்தையைக் கூப்பிட்டார்கள். பூட்ஸோடுதான் வந்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா, அவ்வளவுதான்" என்றார் பதிவாளர்.

அவள் பேனாவை வாங்கினாள். 'ஆற்றங்கரை மண்டபம்' என்பதை ஒரே கோடாக அடித்தாள். 'காலை பத்து மணி' என்பதையும் அடித்தாள். பதிவாளர் "அம்மா, அம்மா" என்று எழுந்தேவிட்டார். அண்ணன் அவர் தோளில் கை வைத்து, அளவெடுப்பது போல அழுத்தி உட்கார வைத்தார். அவள் கரும்பலகைக்கு மேலிருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்று நாற்பத்தொன்று. நொடி முள் பாதி தூரத்தில்தான் இருந்தது. பேனாவைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, அது சுற்றி மேலே வந்து நாற்பத்திரண்டு ஆகட்டும் என்று காத்திருந்தாள்.