பின் இருக்கைக்கு ஒரு பிரேக்

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இருந்த நாட்களைவிடச் சைக்கிள் சக்கரம் கிடந்த நாட்கள்தான் அதிகம். வீட்டுக்காரி பகலில் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். குடுவைகளைக் கழுவி அடுக்குவதும், பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவதும் அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுவாள். தெருவே அவளை ‘ஸ்பேனர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

பழைய இரும்புக் கடைக்காரர் தேறாது என்று ஓரமாகத் தூக்கிப் போட்ட சைக்கிள்தான் அவள் கண்ணில் படும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பி வைப்பாள். அந்த வரிசையை யாராவது கலைத்தால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துருவைச் சுரண்டி, வளைந்த ரிம்மைக் கம்பி கம்பியாக நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் அடுத்த சைக்கிள் வாசலில் வந்து நிற்கும்.

புருஷன் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் அவர் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒருநாள் எதிரே வந்த வண்டி இரண்டாகத் தெரிந்தபோது, யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பார்வை மொத்தமாகப் போனது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போகலாம் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“என்னை என்ன மூட்டைன்னு நெனச்சியா, இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு கொண்டு போய் வைக்க?”

அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. பிறகு அவளுக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். இரண்டு பேர் ஓட்டும் சைக்கிள் ஒன்றைச் செய்தே தீருவது என்று முடிவு கட்டினாள். இரும்புக் கடையில் இரண்டு ஃபிரேம்களைப் பொறுக்கி எடுத்தாள். வெல்டர் அவற்றை மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, இது சைக்கிளா ரயிலா?”

“நீ ஒட்டித் தா. ஓடுறப்ப தெரியும்.”

முன்னால் இருப்பவர் மிதிப்பதும் பின்னால் இருப்பவர் மிதிப்பதும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். அதற்கு இரண்டு மிதிகளையும் இடதுபக்கமாக ஒரு செயின் இணைக்க வேண்டும். சாதாரணச் சைக்கிளில் பல்சக்கரம் வலதுபக்கம்தான் இருக்கும். பல்சக்கரத்தோடு கூடிய இரண்டு வலது கிராங்குகளை, அதாவது பெடலைத் தாங்கும் இரும்புக் கைகளை, தேடிப்பிடித்து இடதுபக்கம் மாட்டினாள். ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் சுற்றியபோது வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

“வாழ்நாள் முழுக்க முன்னாடி உக்காந்தவன் நான். இப்ப பின்னாடி உக்காந்து வேடிக்கை பாக்கணுமா? அதையும் பாக்க முடியாது.”

அவள் அவர் கையைப் பிடித்துப் பின் ஹேண்டில்பாரில் வைத்தாள். அங்கே ஒரு பிரேக் இருந்தது.

“பின்சக்கர பிரேக்கு உங்ககிட்ட மட்டுந்தாங்க. நீங்க பிடிச்சா வண்டி நிக்கும். எனக்கு இஷ்டம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.”

அவர் அதை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார்.

“ஒரே ஒரு ட்ரிப். ஏரிக்கரை வரைக்கும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

சொன்னால் சொன்னதுதான், அந்த மனிதர் அப்படி. இந்த ஒரு பயணத்தில் ஏதாவது கோளாறு வந்தால் அவர் திரும்ப நாற்காலிக்குப் போய்விடுவார், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார். அந்தப் பயத்தில் ஒவ்வொரு நட்டையும் திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்த்தாள்.

விடுமுறை நாள் காலையில் கிளம்பினார்கள். முதல் திருப்பத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சாய, வண்டி குடிகாரனாட்டம் போனது. கடைத்தெரு தாண்டியதும் மிதி சேர்ந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நடுவில், “பள்ளம் வந்தா முன்கூட்டியே சொல்லு. பயணிங்க இருக்காங்க” என்றார். அவள் சிரித்துவிட்டாள். அவர் கேலி பேசிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது!

மேட்டில் ஏறி இறக்கத்தைத் தொடுகிற சமயத்தில் வண்டி கிறீச்சென்று நின்றது.

“ஏங்க பிடிச்சீங்க? ரோடு காலியாத்தானே இருக்கு!”

“என் இடது பெடல்ல ஆட்டம்.”

“என் கையால முறுக்கினது. ஆடாது.”

“என் காலுக்குத் தெரியாதா? எறங்கிப் பாரு.”

வேண்டாவெறுப்பாக இறங்கிக் குனிந்து தொட்டாள். பெடல் அவள் உள்ளங்கையில் கழன்று விழுந்தது. ஓடிப்போய்த் தன் இடது பெடலைப் பார்த்தாள். அதுவும் பாதி வெளியே வந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இடது பெடலின் திருகு மரை தலைகீழாக இருப்பது காரணத்தோடுதான். அப்படி இருந்தால்தான் மிதிக்க மிதிக்கக் கழலாமல் இருக்கும். அவள் மாட்டியதோ வலது கிராங்க். அதன் மரை வலதுபக்கத்துக்கு உரியது. இடதுபக்கம் வந்தால் ஒவ்வொரு மிதியும் பெடலைக் கழற்றிக்கொண்டே போகும். ஸ்டாண்டில் கையால் சுற்றியபோது காலின் பாரம் இல்லாததால் எதுவும் தெரியவில்லை. எத்தனையோ சைக்கிளைப் பூட்டிய கைக்கு இது தெரியாமலா போனது? இறக்கத்தின் நடுவில் கழன்றிருந்தால் அவர் கதி என்ன? சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“தப்பு என்னோடதுங்க. கிராங்கை மாத்தி மாட்டியிருக்கேன். ஒரே ஒரு ட்ரிப்னு சொன்னீங்க, அதையும் நானே கெடுத்துட்டேன்.”

அவர் பெடலை வாங்கி, அதன் மரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“இதுக்கு வழி இருக்கா?”

“இடது கிராங்கையே போட்டு, அதுல பல்சக்கரத்தை வெல்டிங் வச்சா நிக்கும்.”

“அப்ப வெல்டர்கிட்ட போகணும்.”

“இன்னொரு தடவை வரமாட்டேன்னு சொன்னீங்களே.”

“டிப்போ கணக்கு உனக்கு என்ன தெரியும்? பாதி வழியில நின்னுபோன வண்டி ட்ரிப் கணக்குலயே சேராது. ஏரிக்கரை போய்ச் சேர்ந்தாத்தான் ஒண்ணு” என்றார் அவர்.

பெடலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டியைத் திருப்பச் சொன்னார். அவள் முன் ஹேண்டிலைப் பிடித்து நடக்க, அவர் பின் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டு வாசல் வரும்வரை பிரேக்கிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை.